வலது பக்கக் கதவு

முதலில் ரப்பர் கருகும் வாசனை வந்தது. அதற்குப் பிறகுதான் என்ஜின் மூடியின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. ஸ்மரண்டா வேகத்தைக் குறைத்து, வண்டிகள் வலது பக்கமாக ஓடும் அந்த நெடுஞ்சாலையின் வலது ஓரப் பாதைக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போனாள். இரும்புத் தடுப்பை ஒட்டி, வலது பக்கக் கதவு திறக்கிற அளவுக்கு மட்டும் இடம் விட்டு நிறுத்தினாள். என்ஜினை அணைத்துவிட்டு அபாய விளக்குகளைச் சிமிட்ட விட்டாள்.

"நின்னுடுச்சா?" என்றாள் வலது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த மாமியார் வெத்தூரியா.

"நின்னுடுச்சும்மா. தண்ணி கொதிச்சிடுச்சு."

"லைசென்ஸ் வாங்கினவளுக்கு வண்டி ஓட்டத்தான் சொல்லிக் கொடுப்பாங்கன்னு நெனச்சேன். வெந்நீர் போடவும் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

வெத்தூரியாவின் மடியில் ஒரு பெரிய தட்டு இருந்தது. அதில் கொலிவா. கோதுமையை விடிய விடிய வேகவைத்து, சர்க்கரையும் வாதுமைக் கொட்டையும் சேர்த்துப் பிசைந்து, கேக் போலத் தட்டி, மேலே சர்க்கரைப் பொடி தூவி, நடுவில் கோகோவால் சிலுவை இட்டிருந்தாள். மகன், ஸ்மரண்டாவின் கணவன், லிவியு இறந்து வருஷம் ஆகிறது. மதியத்துக்குள் ஊர் தேவாலயத்தில் பாதிரியார் முன்னால் இந்தத் தட்டு இருக்க வேண்டும். இறந்தவர்களை நினைக்கும் தவக்காலத்துச் சனிக்கிழமை, பல வீட்டுத் தட்டுகள் வரிசையில் நிற்கும். பாதிரியார் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்.

ஸ்மரண்டா இதையெல்லாம் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். தையல் ஆலையில் வேலை முடிந்ததும் மாலை வகுப்புக்குப் போய், போன கோடையில்தான் ஓட்டுநர் உரிமம் வாங்கியிருந்தாள். லிவியு இருந்தவரை ஸ்டியரிங்கைத் தொட்டது கிடையாது. வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டதை அவள் அப்படியே மனப்பாடம் செய்திருந்தாள். விளக்கு, தூரத்திலிருந்தே தெரிகிற ஒளிரும் மேலங்கி, சாலை இல்லாத பக்கமாக இறங்குவது, தடுப்புக்குப் பின்னால் போவது, அதன் பிறகு போன். வரிசை சரிதானா என்று இப்போதும் ஒரு முறை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். போனுக்கு முன்னால் தடுப்பா, தடுப்புக்கு முன்னால் போனா? தடுப்புதான்.

கதவுப் பையிலிருந்து தன் மஞ்சள் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டாள். தன் இருக்கையின் முதுகில் மாட்டியிருந்த இன்னொன்றைக் கழற்றி மாமியாரிடம் நீட்டினாள்.

"இதைப் போட்டுக்கிட்டு உங்க பக்கமா இறங்குங்கம்மா. கம்பியைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடணும்."

வெத்தூரியா அதை வாங்கித் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள். "நான் இறங்கலை."

"உள்ளே உட்காரக் கூடாது. பின்னாடி வர்ற லாரிக்காரன் கொஞ்சம் கண்ணசந்தா நேரா நம்ம மேலதான் வருவான்."

"இறங்கினவன் என்ன ஆனான்?"

லிவியுவைத்தான் சொல்கிறாள்.

இதே வண்டிதான். போன வருஷம், காலைப் பனியில், வேறொரு இடத்தில் நின்றுபோனது. லிவியு இடது பக்கமாக இறங்கியிருக்கிறான். பின்னால் போய் டிக்கியைத் திறந்து பின்னால் வருகிறவர்களை எச்சரிக்கச் சாலையில் வைக்கும் சிவப்பு முக்கோணத்தை எடுத்துக்கொண்டு, வருகிற வண்டிகளுக்கு எதிரே சாலை ஓரமாக நடந்திருக்கிறான். ஒரு வேன்காரனுக்கு அவன் தெரியவில்லை. மேலங்கி, இப்போது தட்டின் ஓரத்தில் கிடக்கிற இதேதான், இருக்கையின் முதுகிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மட்டுமல்ல, அந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் பலரும் அப்படித்தான் மாட்டி வைப்பார்கள். மேலங்கி இருக்கிறது என்று போலீஸ்காரருக்குக் கண்ணாடி வழியே தெரிந்தால் போதும், அபராதம் இல்லை. அதை உடம்பில் போடவேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

வண்டியில் ஒரு கீறல்கூட விழவில்லை. போலீஸார் அதைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போனபோது வெத்தூரியா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கையால் தடவிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம்தான். உள்ளேயே உட்கார்ந்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான். அந்தப் பேச்சை அவள் எடுக்காத நாள் இல்லை. ஸ்மரண்டா மறுத்துப் பேசியதும் இல்லை. தனக்குத் தெரிந்தது சரிதான் என்று அடித்துச் சொல்ல அவளுக்கு எப்போதுமே வராது.

ஒரு லாரி கடந்து போனது. கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. தட்டு நழுவாமல் வெத்தூரியா இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன். இறங்குங்க."

"நீ போ. நான் இதை வச்சுக்கிட்டு இங்கேயே இருக்கேன். வண்டி வந்தா வரட்டும்."

ஸ்மரண்டா பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். இருக்கை தெரியவில்லை. வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டிய வளைய ரொட்டிகள், பீன்ஸ் பானை, இறைச்சி சேர்க்காத முட்டைக்கோசு இலைச் சுருள்கள், ஒயின் புட்டிகள், மெழுகுவத்திக் கட்டு. கூரை வரைக்கும் அடைத்திருந்தது.

"எனக்கு அந்தப் பக்கம் வர வழியில்லைம்மா. பின்னாடி பூராவும் பானை. நீங்க இறங்கினாத்தான் நான் உங்க பக்கமா வர முடியும்."

"அப்ப நீயும் உட்காரு."

"உட்கார முடியாது. போன் பண்ணணும், கிலோமீட்டர் கல்லைப் பார்த்துச் சொல்லணும். நீங்க இறங்கலைன்னா நான் இந்தக் கதவாலதான் போகணும்."

"எந்தக் கதவால?"

ஸ்மரண்டா தன் பக்கத்து, இடது கைப்பிடியில் கையை வைத்தாள். மிரட்டுவதற்காக வைத்தாளா, உண்மையிலேயே திறப்பதற்காகவா என்று பிற்பாடு பலமுறை யோசித்தும் அவளுக்குத் தெளிவாகவில்லை. கண்ணாடிக்கு வெளியே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீறிக்கொண்டு போயின.

வெத்தூரியா அந்தக் கையையே பார்த்தாள்.

"கையை எடு."

"அம்மா..."

"கையை எடுடி அதுலேர்ந்து. எடுக்கிறியா, இல்லையா? எனக்கு இன்னொரு தடவை தாங்காது." குரல் உடைந்து, அடுத்த நொடியே பழையபடி கடுத்தது. "இரு. இறங்கித் தொலைக்கிறேன். அதைத் தொடாதே."

வலது பக்கக் கதவு திறந்தது. வெத்தூரியா தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே கால்களை வெளியே வைத்தாள். ஸ்மரண்டா கியர்த் தண்டுக்கு மேலாகக் காலைத் தூக்கிப் போட்டு, கறுப்புப் பாவாடை ஓரிடத்தில் மாட்டிக் கிழிய, அதே கதவு வழியாகப் பின்னாலேயே ஊர்ந்து இறங்கினாள்.

தடுப்பு வெத்தூரியாவின் முழங்காலுக்கு மேல் இருந்தது. அவள் தட்டை மருமகளிடம் கொடுத்துவிட்டு, கம்பியின் மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக அந்தப் பக்கம் எடுத்துப் போட்டாள். ஸ்மரண்டா ஒரு கையில் தட்டையும் மறு கையில் மாமியாரின் முழங்கையையும் பிடித்திருந்தாள். அப்போது இரட்டைப் பெட்டி லாரி ஒன்று போனது. அதன் காற்று முதுகில் அறைந்தது. மாமியாரை விடவில்லை. தட்டு சரிந்தது.

கொலிவாவின் ஒரு பக்கம் அப்படியே பிளந்து புல்லில் விழுந்தது. சிலுவையின் ஒரு கையும் அதோடு போயிற்று.

வெத்தூரியா சரிவில் நின்று அதைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்த ஸ்மரண்டாவுக்கு, அவள் கத்தாததுதான் தாங்கவில்லை.

"ராத்திரி பூரா கிண்டினேன்," என்றாள் வெத்தூரியா மெதுவாக. "அடிபிடிக்காம." பிறகு கீழே கிடந்ததைக் காட்டி, "அதை எடுக்காதே. குருவிக்கு இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, தட்டை வாங்கிக்கொண்டு, தடுப்புக்கு அப்பால் சற்று மேலே ஏறிப் புல்லில் உட்கார்ந்தாள். கொடுத்த மேலங்கியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள்.

ஸ்மரண்டா உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். எடுத்த ஆளுக்குப் பாதித் தூக்கக் குரல்.

"கம்பிக்குப் பின்னாடி நிக்கிறீங்களா?"

"நிக்கிறோம்."

"முக்கோணம் வச்சீங்களா?"

"இல்லை."

"வைக்கணுமேம்மா. சட்டம் இருக்கு."

"என் புருஷன் அதை வைக்கப் போய்த்தான் செத்தாரு."

மறுமுனைக் குரலில் தூக்கம் போயிருந்தது. "வேண்டாம்மா. நீங்க எங்கேயும் போகாதீங்க. ரோட்டுல கால் வைக்காதீங்க. கிலோமீட்டர் மட்டும் சொல்லுங்க, நான் ஆளை அனுப்பறேன்."

கல்லைப் பார்க்கத் தடுப்புக்குப் பின்னாலேயே, முள்ளும் குப்பையுமாகக் கிடந்த சரிவில் அவள் நடக்க வேண்டியிருந்தது. எண்ணைப் படித்தாள். சொன்னாள். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று இன்னொரு முறை படித்துச் சொன்னாள். திரும்பி வந்தபோது வெத்தூரியா கறுப்புக் கோட்டுக்கு மேல் மஞ்சள் மேலங்கியைப் போட்டிருந்தாள். கொக்கி ஒன்று மாறி மாட்டியிருந்தது.

ஸ்மரண்டா அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "காத்து அடிக்குது," என்றாள்.

"ஆமாம்மா. அடிக்குது."

இருவரும் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். சூரியன் உச்சிக்கு வந்தது. பாதிரியார் பெயர்களை வாசித்துக்கொண்டிருப்பார். லிவியுவின் பெயரையும் வாசிப்பார், தட்டு இல்லாமல். வெத்தூரியா மெழுகுவத்தி ஒன்றைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொளுத்தினாள். அணைந்தது. மறுபடி கொளுத்தினாள். மறுபடி அணைந்தது. பைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு லாரி வரும்போதும் ஸ்மரண்டா காரையே பார்த்தாள். ஏதாவது ஒன்று அதன் மேல் ஏறிவிட்டால் என்ற நினைப்பு அவளுக்குள் ஓடியது. ஏறினால், தான் சொன்னது சரி என்றாகிவிடும். அப்படி ஒரு ஆசை தனக்குள் இருக்கிறது என்று தெரிந்தபோது உடம்பு கூசியது. உள்ளே அவன் வருஷ நினைவுக்கான சாப்பாடு இருக்கிறது, அவன் உட்கார்ந்த இருக்கை இருக்கிறது. போயும் போயும் இதையா வேண்டிக்கொள்கிறோம்?

எதுவும் ஏறவில்லை. எல்லா வண்டிகளும் ஒதுங்கியே போயின.

"பார்த்தியா," என்றாள் வெத்தூரியா. "ஒண்ணும் ஆகலை."

"ஆகலைம்மா."

"உள்ளேயே இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. தட்டும் முழுசா இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

அடுத்த லாரிக்குக் கார் மறுபடி சாய்ந்து நிமிர்ந்தது. பின் கண்ணாடி வழியே பானையின் மூடி நழுவுவது தெரிந்தது. வெத்தூரியா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி ஆட்டி வைக்குது பாரு," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்கு அவன்கூட யாரும் இல்லைதானே?"

"இல்லைம்மா. தனியாத்தான் போனாரு."

"இந்தப் பக்கத்து சீட்டு காலியாத்தான் இருந்துச்சு."

"ஆமா."

"பின்னாடியும் பானை ஒண்ணும் இல்லை."

"இல்லை."

"அப்ப வழி இருந்துச்சு அவனுக்கு. இந்தக் கதவால இறங்கியிருக்கலாம். வந்து இப்படிப் புல்லுல உட்கார்ந்திருக்கலாம்."

ஸ்மரண்டாவுக்குத் தெரிந்த விடைதான் அது. ஒரு வருஷமாகச் சொல்ல முடியாமல் வைத்திருந்தது. மாமியாரின் வாயிலிருந்தே வந்தபோது, இது வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கார் காப்பாற்றியிருக்கும் என்று நம்பினாள், அவன் இறங்கியதன் மேல் பழி போட்டாள், அதை வைத்துக்கொண்டு கிழவி எப்படியோ நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இனி எதை வைத்துத் தள்ளுவாள்?

"தெரியலைம்மா," என்றாள். "பனியில என்ன தெரிஞ்சிருக்கும் அவருக்கு."



இழுவை வண்டி வந்தது. ஓட்டி வந்த கோஸ்தின், அதே மாதிரி மஞ்சள் மேலங்கி போட்ட தடித்த ஆள். அவனும் வலது பக்கமாக இறங்கி, தடுப்புக்குப் பின்னால் நடந்து வந்தான்.

"தூரத்துலேர்ந்தே தெரிஞ்சுது," என்றான் வெத்தூரியாவைப் பார்த்து. "யாரோ நம்ம ஆளு எனக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கான்னு நெனச்சேன். சம்பளம் எவ்வளவு தர்றாங்க உங்களுக்கு?"

பிறகு தட்டைப் பார்த்தான். உடைந்த சிலுவையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"யாருக்குங்கம்மா?"

"எம் பையனுக்கு. வருஷம்." வெத்தூரியா தட்டை நீட்டினாள். "எடுத்துக்கோ. கரண்டி வண்டிக்குள்ள மாட்டிக்கிச்சு. கையாலதான் எடுக்கணும்."

கோஸ்தின் விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஒரு பிடி எடுத்தான். "பேரு?"

"லிவியு."

"லிவியுவைக் கடவுள் மன்னிக்கட்டும்," என்று, இறந்தவர்களுக்காகச் சொல்லும் வேண்டுதலைச் சொல்லிவிட்டு, வாயில் போட்டுக்கொண்டு மென்றான். "நல்லா வெந்திருக்கு."

"இன்னும் எடு. கோயில்ல கொடுக்க வேண்டியது. இனிமே அங்கே யாரு இருக்கப் போறாங்க."

அவன் இன்னொரு பிடி எடுத்தான். அப்புறம் வண்டியை ஏற்றிக் கட்டினான்.

அவர்கள் ஊரை அடைந்தபோது தேவாலயத்தில் மெழுகு வாசனை மட்டும்தான் மிச்சம் இருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டிருந்தவன், பாதிரியார் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார் என்றும், லிவியுவின் பெயரை வாசித்தார் என்றும் சொன்னான். சொல்லிக்கொண்டே வெத்தூரியாவின் மேலங்கியை ஏற இறங்கப் பார்த்தான்.

கல்லறைக்குப் போகும் பாதையில் ஸ்மரண்டா அதைக் கழற்றிவிட நினைத்துக் கொக்கியில் கை வைத்தாள். வெத்தூரியா இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்."

"ஊர்ல எல்லாரும் பார்க்கிறாங்கம்மா."

"பார்க்கட்டும்." கல்லறை முன்னால் நின்று, மிச்சக் கொலிவாவை மண்ணில் இறக்கி வைத்தாள். குனிந்தபடியே மேலங்கியின் நுனியை விரலால் நீவினாள். "புதுசாவே இருக்குடி இது," என்றாள். "மடிப்புகூடக் கலையலை."