பெயர் சொல்லும் பெட்டி

ஆயுத பூசைக்கு மறுநாள் என்னைத் துரோகி என்று சொல்லி வெளியே தள்ளினார் சுப்புராஜ். கொடைக்கானலில் அவருக்கு ஆறு விடுதிகள். அறை முன்பதிவு ஓடும் சர்வரை நாலு வருடமாகக் கட்டி மேய்த்தது நான்.

அன்று காலை எந்தக் கவுண்டரிலிருந்து சர்வருக்குள் நுழைந்தாலும் அரை நிமிடம் சும்மா சுற்றியது. விடுமுறைக் கூட்டம் கத்தியது. "தமிழ்மதிதான் ஏதோ பண்ணி வச்சிருக்கா மாமா. சம்பளம் ஏத்தலைல்ல, அந்தக் கடுப்பு" என்று பற்ற வைத்தான் அவருடைய மருமகன் முகேஷ். பாவி! சுப்புராஜ் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரில் இருக்கும் பெரிய விடுதிக்காரர்கள் பதினோரு பேருக்கும் போன் போட்டு, "அவளைச் சேத்துராதீங்க" என்றார். அப்புறம் எவன் எனக்கு வேலை தருவான்?

நாலாம் நாள் வரவேற்பில் இருக்கும் ஸ்வேதா போனில் கூப்பிட்டாள். "நுழையத்தான்க்கா லேட்டு. உள்ள போயிட்டா வெரசா ஓடுது."

எனக்குப் பொறி தட்டியது. எந்தக் கம்ப்யூட்டர் நுழைய வந்தாலும் எங்கள் சர்வர் முதலில் அதன் நெட்வொர்க் எண்ணைக் கொடுத்துப் பெயர் கேட்கும். பிறகு அந்தப் பெயரைக் கொடுத்து அதே எண் வருகிறதா என்று பார்க்கும். இரண்டுக்கும் பதில் சொல்வது அலமாரிக்கு அடியில் இருக்கும் சின்னப் பெட்டி. பதில் வராவிட்டால் சர்வர் காத்திருந்து சலித்த பிறகுதான் உள்ளே விடும்.

"அந்தப் பெட்டில லைட்டு எரியுதா?"

"எங்கக்கா தெரியுது? பூசைப் பொரி மூட்டைல்ல அது மேல கெடக்கு."

ஆயுதங்களுக்கு ஒருநாள் ஓய்வு என்று எல்லாவற்றையும் அணைத்துச் சந்தனம் வைத்தவன் முகேஷ்தான் என்றும் அவளே சொன்னாள். மறுநாள் மூட்டைக்கு அடியில் இருந்ததை மட்டும் போட மறந்திருக்கிறான். நான் சொல்லிக் கொடுத்தேனா? நன்றாக அவதிப்படட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். மனசு குளிர்ந்தது.

யாராலும் சரி செய்ய முடியாமல் பத்தாம் நாள் சுப்புராஜே கூப்பிட்டார். போனேன். எல்லோரையும் நிற்க வைத்து, மூட்டையை இழுத்துப் போட்டு, அணைந்து கிடந்த பெட்டியைக் காட்டினேன். அதன் ஒயரை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டேன். பூசைக்கு இதை அணைத்தது யார் என்று கேட்டதும் எல்லோரும் முகேஷைப் பார்த்தார்கள்.

"தப்புதாம்மா" என்றார் சுப்புராஜ். "வெரசா மாட்டி விடு, வெளிய கூட்டம் நிக்குது."

"அந்தப் பதினோரு பேருக்கும் இப்பப் போன் போடுங்க சார். தப்பு யாரு பண்ணதுன்னு சொல்லுங்க. ஸ்பீக்கர்ல."

முதல் போனில் உறுமினார். மூன்றாவதில் 'மருமகன்' என்பதை மென்று விழுங்கினார். திரும்பச் சொல்ல வைத்தேன். ஏழாவதில் எதிர்முனையில் சிரித்தார்கள். அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது. எனக்கு இரக்கமே வரவில்லை.

"போதுமாம்மா?"

"இன்னும் நாலு பேரு இருக்காங்க, சார்."