நூற்றுக்கு மேல் வந்தால் நீக்கு

கால்நடை மருந்துக் கடைக்கு வந்ததிலிருந்து முத்துமாரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலில் இளையரசனேந்தல் சங்கரசுப்பு காத்திருந்தார். மூன்று வாரத்துக்கு முன் இந்தக் கடை மருந்தைத்தான் துள்ளுமாரி நோய் வராமலிருக்க ஆடுகளுக்கு ஊசி போட்டிருந்தார். போன வாரம் பதினோரு ஆடுகள் அந்த நோயிலேயே துடித்துச் செத்துவிட்டன.

"மருந்து ரெண்டு டிகிரிக்கும் எட்டுக்கும் நடுவுலதான் இருந்திருக்கு. பிரிண்ட் எடுத்துக் குடும்மா, அண்ணாச்சி பாக்கட்டும். மழைக்கு முளைச்ச இளம்புல்ல அளவுக்கு மீறித் தின்னுருக்கும், அதுலதான் நோய் வந்துருக்கு," என்றார் கடைக்காரர் மைதீன் பாட்சா.

குளிர்பெட்டியின் வெப்பத்தை நிமிஷத்துக்கு ஒருதரம் குறித்துவைக்கும் புரோகிராம் முத்துமாரி எழுதியது. பிரிண்ட் எடுக்கத்தான் உட்கார்ந்தாள். ஊசி போட்டதற்கு முந்தின நாளில் ஆறு மணிநேரம் ஒன்றுமே பதிவாகவில்லை. புரோகிராமைத் திறந்து வரிவரியாகப் பார்த்தாள்.

சென்சார் ஒரு டிகிரியைப் பதினாறு பங்காக்கி அனுப்பும். அந்த எண்ணின் பிட்டுகளை, அதாவது அதை எழுதும் ஒன்று, பூஜ்யங்களை, நாலு இடம் வலப்பக்கம் தள்ளினால் டிகிரி கிடைக்கும். தள்ளும்போது இடப்பக்கம் காலியாகும் இடங்களை, மைனஸ் எண்ணென்றால் ஒன்றால் நிரப்ப வேண்டும். மொத்த எண்களையும் ஒரே வரியில் தள்ளித்தரும் அர்ரே லைப்ரரி என்ற ஆயத்த நிரல் அதைத் தானே செய்துவிடும். மைனஸும் வரும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால். இந்த மகராசி சொல்லவில்லை. அது பூஜ்யத்தைப் போட்டு நிரப்பியது. மைனஸ் மூன்று டிகிரி, நாலாயிரத்துத் தொண்ணூற்று மூன்று டிகிரி ஆனது.

சோதனை பார்த்த நாளிலேயே இப்படி நாலாயிரம் வந்தது. ஒயர் லூஸ் என்று நினைத்து, நூற்றுக்கு மேல் வந்தால் நீக்கு என ஒரு வரி எழுதிவிட்டுப் பஜ்ஜி தின்னப் போனாள். பெரிய புத்திசாலி! உறைந்தால் வீணாகிற மருந்து அது. உறைந்த நேரத்தை மட்டும் பொறுக்கியெடுத்து அழித்திருக்கிறது அவளுடைய வரி.

எழுந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள். மைதீன் பாட்சாவிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்துவிட்டது.

"யா அல்லாஹ்! இப்பமே அவருட்டச் சொல்லணுமா?"

"சொல்லித்தான் ஆவணும் பாய்."

வாசலுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, புல்லு மேல குத்தமில்ல. மருந்து உறைஞ்சு கெட்டுப்போயிருக்கு. எம் புரோகிராம் அத மறைச்சிட்டு. தப்பு என்னுதுதான்."

சங்கரசுப்பு துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். கத்தப்போகிறார் என்று அவள் கண்ணை மூடினாள்.

"எங்கிட்டச் சொன்னாப் போதாது. வண்டில ஏறு தாயி. புல்லறுத்துப் போட்டது எம் பொஞ்சாதி. நீதாம்ட்டி கொன்னுட்டன்னு ஊரு முன்னால ஏசிப்புட்டேன். அஞ்சு நாளா அவ ஒருவாய்ச் சோறு திங்கல."