முப்பத்தொன்றாம் பக்கத்து உளவாளி

கார்கிலில் சண்டை மூண்ட செய்தி டி.வி. வழியாக மலையாள நாட்டு ஆரியசாலைக் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தபோது, அதை முடித்துவைக்கிற பொறுப்பு தன் தலையில் விழுந்துவிட்டதாகப் பெருங்காய மொத்த வியாபாரி தாணுமாலயன் பிள்ளை எடுத்துக்கொண்டார். அவர் தமிழ் வாசகர் மன்றத்தின் தலைவர். ராணுவம் மலைமேல் பீரங்கியை ஏற்றட்டும், மன்றம் புத்தகத்தை ஏற்றும். 'ஒரு நூல் ஒரு பீரங்கிக்குச் சமம்' என்று பானர் எழுதவும் கொடுத்துவிட்டார். பீரங்கி தரப்பில் யாரையும் கலந்துகொள்ளவில்லை.

எல்லையிலிருக்கும் தமிழ் ஜவான்களுக்கு மன்றத்து நாவல்களை அனுப்ப வேண்டும். அதற்காக வெளியே போயிருக்கும் புத்தகங்களையெல்லாம் உடனே திரும்ப வாங்க வேண்டும். பாங்கோடு ராணுவ முகாமில் விழா வைத்து ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு அட்டைக்குள்ளும் தலைவரின் படம் ஒட்ட வேண்டும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. புத்தகம் தப்பித்தவறி எதிரி கையில் சிக்கினால் அவனும் கொஞ்சம் பயப்படட்டும் என்றுதான் படம் போலிருக்கிறது என்று நூலகர் விஜயம் நினைத்துக்கொண்டாள். வாய்க்குப் பதில் கோந்துப் பாட்டிலைத் திறந்தாள். அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் படித்த முதல் பாடம் அது.

படம் ஒட்டுவதை மேற்பார்வையிட வந்த தலைவரிடம் அவள் ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"சார், நம்ம புஸ்தகம் இல்லேன்னு ஆக்கணும்னா அட்டையில உள்ள முத்திரைச் சீலுக்கு மேல மட்டும் கோடு அடிச்சா போராது. ரகசியப் பக்கத்துலயும் அடிக்கணும்."

தலைவரின் காது விடைத்தது. "என்ன பக்கம்?"

"முப்பத்தொண்ணாம் பக்கம் சார். எவனாவது அட்டையக் கிழிச்சுட்டு இது என் புஸ்தகமாக்கும்னு சொன்னா காட்டுறதுக்கு உள்ள ஒரு சீலு. லைப்ரரியில எல்லாம் உள்ளதுதான், கேட்டோ."

இத்தனை வருஷம் தலைவராக இருந்தும் அவருக்கு இது தெரியாது. தெரிய வேண்டுமானால் ஏதாவது ஒரு புத்தகத்தை முப்பத்தொன்றாம் பக்கம் வரையாவது திறந்திருக்க வேண்டும்.

இப்போது திறந்தார். சீலுக்குக் கீழே பென்சிலால் ஒரு மீன். அடுத்த புத்தகத்தில் மீனும் ஒரு நட்சத்திரமும்.

"இது என்ன விஜயம்?"

அவள் விளக்கினாள். மன்றத்துப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்புக் காலிக்கோ அட்டை. முதுகில் எழுதிய பெயர் கைபட்டுக் கைபட்டு மறைந்திருக்கும். முன்பே படித்ததா இல்லையா என்று தெரிவதற்காக வாசகர்கள் ரகசியப் பக்கத்தில் ஆளுக்கொரு அடையாளம் போட்டுவைப்பார்கள். மீன் போஸ்டாபீஸ்காரர். நட்சத்திரம் ரிட்டயர்டு கணக்கு சார்.

"சரி, இது யாரு?"

தலைவர் நீட்டிய அடுத்த புத்தகத்தை அவள் வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு புள்ளி, கீழே ஒரு சாய்ந்த கோடு. பென்சிலும் இல்லை, பேனாவும் இல்லை. கறுப்பும் பழுப்புமாகத் தாளுக்குள் இறங்கி மறுபக்கம் எட்டிப்பார்க்கிற மை. இன்னொரு புத்தகத்தில் ஒரு வட்டமும் மூன்று கோடும். அவளும் இவற்றைப் பார்த்திருக்கிறாள். கறை என்று விட்டிருந்தாள்.

தலைவர் ரப்பர் வாங்கித் தேய்த்தார். தாள்தான் தேய்ந்தது.

"அழியாத மை! சாதாரண மனுசனுக்கு அழியாத மை எதுக்கு?"

"எலெக்ஷனுக்கு வெப்பாங்க சார்."

அவர் முறைத்த முறைப்பில் விஜயம் கார்டு பெட்டியை இழுத்துக்கொண்டாள்.

அந்த ஊரில் அப்போது சந்தேகத்துக்குப் பஞ்சமில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு உளவு வழக்கு ஊரையே உலுக்கியது. அது பொய் வழக்கென்று பெரிய கோர்ட்டே சொன்ன பிறகும், பக்கத்துவீட்டுக்காரன் மொட்டைமாடிக்குப் போனால் எதற்குப் போகிறான் என்று பார்க்கிற பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. விஜயமும் அந்த ஊர்க்காரிதானே. கார்டுகளை ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தாள். மை பட்ட புத்தகங்கள் எல்லாமே ஒரே ஆள் பெயரில் போயிருந்தன. சுடலைக்கண்ணு. தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, ஆரியசாலைச் சந்தில் சலவைக்கடை வைத்திருப்பவன்.

"தேய்க்கிறவனுக்கு எதுக்கு இவ்வளவு நாவல்?" என்றார் தலைவர். "நான் எஸ்.ஐ.கிட்ட பேசுறேன்."

மன்றத்தில் கார்டு கிடைப்பது லேசில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தனிக்கட்டைக்கு ஒரு கார்டு, குடும்பத்துக்கும் ஒரே கார்டு. அதுவும் குடும்பத் தலைவர் பெயரில். குடும்பத் தலைவர்கள் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மேடையில் வாசிப்பைப் பற்றிப் பேசுவார்கள். ஒருமுறை பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தலைவரின் மனைவி வடிவம்மாள், "பொம்பளைகளுக்குக் கார்டு உண்டா விஜயம்?" என்று கேட்டாள். விஜயம் விதியைச் சொன்னாள். அந்தம்மா தேங்காய் உடைக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் புத்தகம் திருப்பித் தர வந்த சுடலைக்கண்ணுவை விஜயம் பிடித்துக்கொண்டாள்.

"போன வாரம் கொண்டுபோன நாவல் எப்படி?"

"அருமைக்கா. கடைசியில கல்யாணம் ஆயிருச்சுல்லா."

அந்த நாவலில் மாப்பிள்ளை நாற்பதாம் பக்கத்திலேயே கிணற்றில் விழுந்து செத்துப்போவான்.

"நீ படிக்கல்லே."

அவன் தலையைச் சொறிந்தான். "எனக்கு எங்கக்கா நேரம்?"

"பின்னே ஆருக்குக் கொண்டுபோறே?"

"அது மட்டும் கேக்காதீய. வாக்குக் குடுத்திருக்கேன்."

"இந்தக் குறி?"

"நான் போட்டதுதான். எது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியணும்லா? போன எடத்துக்கே மறுபடி போச்சுன்னா வம்பாயிரும்."

விஜயம் வாசலை எட்டிப்பார்த்தாள். சினிமாவில் வில்லனின் ஆட்கள்கூட இவ்வளவு தெளிவாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

"சுடலை, நாளைக்குப் போலீசு வருது. நீ வெளியூர்க்காரன், உனக்காகப் பேச இங்க ஆளு கிடையாது. சண்டைக் காலத்துல உள்ள போனா எப்ப வெளிய வருவேன்னு தெய்வத்துக்குத்தான் தெரியும். உள்ளதைச் சொல்லிரு."

அவன் முகம் வெளுத்தது. ஆனாலும், "சொன்னா நாலஞ்சு குடும்பம் கலங்கிரும்க்கா" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான்.

நாலஞ்சு குடும்பம்! ஒருத்தனென்று நினைத்தால் கூட்டமே இருக்கிறது. மறுநாள் காலைவரை விஜயம் அவனை முழுசாக நம்பவும் இல்லை, முழுசாகச் சந்தேகப்படவும் முடியவில்லை. கூலி கேட்டு ஒருத்தரிடமும் குரலை உயர்த்தாதவன் நாட்டை விற்றானென்றால் என்ன விலைக்கு விற்றிருப்பான்?

எஸ்.ஐ. ஜெயன் பத்து மணிவாக்கில் மன்றத்துக்கு வந்தார். சுடலைக்கண்ணு சுவரோரம் நின்றான். முன்வரிசையில் செயலாளர் ராஜமணி. தலைவர் நுழையுமுன் தலைவருடைய சட்டைக் கஞ்சியின் மொடமொடப்பு ஹாலுக்குள் நுழைந்தது.

"இன்ஸ்பெக்டர் அவர்களே! தாய்நாட்டின் தலையில் குண்டு விழும் வேளையில், நூல் என்னும் கோயிலுக்குள்ளே..."

"எஸ்.ஐ. ஆணு சாரே. காரியம் பறயூ" என்று ஜெயன் மலையாளத்தில் திருத்தினார்.

தலைவர் காரியத்துக்கு இறங்க மனமில்லாமல் இறங்கினார். புத்தகத்தை மேஜையில் விரித்து, குறியைக் காட்டக் குனிந்தார். ஃபேன் காற்றில் நேரியல் துண்டு தோளிலிருந்து நழுவியது. அவருக்குப் பின்னால் அடுத்த புத்தகத்தோடு நின்ற விஜயத்தின் கண், கழுத்தைவிட்டு விலகிய காலரின் உட்புறத்தில் போய் விழுந்தது.

இரண்டு புள்ளி. கீழே ஒரு சாய்ந்த கோடு.

அவள் மெல்ல நகர்ந்து ராஜமணியின் பின்னால் போய் நின்றாள். அவர் காலருக்குள் ஒரு வட்டம், மூன்று கோடு.

விஜயம் தன் துணியைத் தானே அலசிப் போடுகிறவள். சலவைக்குப் போடுகிற வசதி இருந்திருந்தால் அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். வீட்டுக்கு வீடு துணி மாறாமலிருக்கச் சலவைக்காரர்கள் சேங்கொட்டைப் பாலால் போடுகிற குறி அது. வெளுத்தாலும் போகாது, கிழிந்தாலும் போகாது. மூட்டைக்குள் சட்டையோடு சட்டையாக நாவலும் வீடு வீடாகப் போயிருக்கிறது. ஒரு வீட்டில் படித்தது அந்த வீட்டுக்கே மறுபடி போகாமலிருக்க, துணிக்குப் போட்ட குறியையே சுடலைக்கண்ணு புத்தகத்துக்கும் போட்டிருக்கிறான். கார்டு பீரோவில் கிடந்தால் என்ன? புத்தகம் அதே பீரோவில் சேலைக்கு அடியில் இருந்திருக்கிறது.

சொன்னால் அவன் தப்புவான், அந்த வீட்டுப் பெண்களின் வாசிப்பு இன்றோடு முடியும். சொல்லாவிட்டால் அவன் ஜீப்பில் ஏறுவான். எஸ்.ஐ. அதற்குள் அவன் பக்கம் திரும்பிவிட்டார்.

"ஆர்க்கா இது? பற."

யாருக்கு என்று சொல்வதற்குப் பதில் சுடலைக்கண்ணு மூட்டையின் முடிச்சை இறுக்கினான். எஸ்.ஐ. கான்ஸ்டபிளுக்குக் கையசைத்தார்.

விஜயம் தலைவரின் காதருகே குனிந்தாள். "சார், நேரியலை இழுத்துப் போடுங்க. இதே குறி உங்க காலர்ல இருக்கு. எஸ்.ஐ. கண்டா முதல்ல ஜீப்புல ஏறுறது நீங்கதான்."

தாணுமாலயன் பிள்ளையின் கை கழுத்துக்குப் போனது. கண் ராஜமணியின் கழுத்துக்குப் போனது. பிறகு, தன் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் யார் என்கிற திசையில் யோசனை போனது. அங்கிருந்து அது திரும்பி வந்தபோது முகம் பழம்புளி போலிருந்தது.

"அது வந்து... திருஷ்டிக் குறி" என்றார்.

"எந்து?"

"ஜவான்களுக்குக் கண்ணு படாம இருக்க, எங்க ஆளுக போடுற குறி. எங்க வழக்கம். நான்தான் போடச் சொன்னேன். மறந்துபோச்சு."

எஸ்.ஐ. அவரை நிதானமாகப் பார்த்தார். இந்த ஊரில் உளவாளி பிடிக்கிறேன் என்று கிளம்பினால் என்ன ஆகுமென்று போலீசுக்குத் தெரியாதா? "இப்போழாணோ ஓர்த்தது? நல்ல காரியம்" என்று தலைவரின் ஞாபகசக்தியை மெச்சித் தொப்பியை எடுத்தார். சுடலைக்கண்ணுவைத் தாண்டும்போது, "எடோ, தான் போய்க்கோ" என்று வாசலைக் காட்டினார். அவன் மூட்டையோடு போய்விட்டான்.

புத்தகங்கள் லாரியில் பாங்கோடு முகாமுக்குப் போயின. விழாவில் திருஷ்டிக் குறியின் தொன்மை பற்றித் தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். அந்த மாதமே சண்டை முடிந்தது. பீரங்கிக்காரர்கள் தங்களால்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். தலைவர் பெருந்தன்மையாக மறுக்கவில்லை.

வீட்டில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால், எஸ்.ஐ. முன்னால் தான் அவிழ்த்த திருஷ்டிக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும். சலவையை மட்டும் சுடலைக்கண்ணுவிடமிருந்து பிடுங்கிப் பழவங்காடிக் கடைக்கு மாற்றிவிட்டார். எதிரியின் வழியை அடைத்துவிட்ட தளபதி போலக் கொஞ்ச நாள் நடமாடினார்.

லாரியில் ஏறாத புத்தகம் ஒன்றே ஒன்று. கட்டுக் கட்டும்போது பெருங்காய வாசனை அடித்ததால் விஜயம் அதைத் தனியே எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்திருந்தாள். நடுப்பக்கத்தில், விட்ட இடம் தெரிவதற்காக ஒரு பெருங்காய லேபிள் செருகியிருந்தது. லேபிளில் தலைவரின் படம்.

ஆவணி பிறந்த பிறகு ஒரு பெண் கவுண்டருக்கு வந்தாள். பெயர் ஜெஸ்லின், தனிக்கட்டை, பழவங்காடியில் சலவைக்கடையில் வேலை.

"எனக்கொரு கார்டு வேணும் சேச்சி. பாதியில நின்னுபோன புஸ்தகம் ஒண்ணு. பழுப்பு அட்டையாம்."

மன்றத்தில் எல்லாமே பழுப்பு அட்டைதான். விஜயம் புதுக் கார்டு ஒன்றை எடுத்தாள். அதை எழுதி, பெருங்காயம் மணக்கும் மேஜை இழுப்பறையைத் திறந்தாள்.