கிரீம் தடவாத கை

எங்கள் ஆய்வகத்தில் எனக்கு 'தூசி மேடம்' என்று பெயர். நேரில் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் தலையைத் திருப்பியதும் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. என் அறைக்குள் சென்ட் அடித்துக்கொண்டு வரக்கூடாது, எண்ணெய்த் தலையோடு சாம்பிள் மேல் குனியக்கூடாது. வீட்டிலும் இதே கெடுபிடிதான். "உன்கிட்ட தட்டை நீட்டவே பயமா இருக்கு, அளந்து ரிப்போர்ட் கொடுத்துடுவ" என்பார் என் கணவர்.

என் வேலை அப்படி. எலும்புக்குள் பொருத்துகிற டைட்டானியத்தின் மேல் பெப்டைடு பூசுவார்கள். பெப்டைடு என்றால் புரதத்தின் ஒரு சின்னத் துணுக்கு. அது இருந்தால் எலும்புச் செல்கள் உலோகத்தைச் சொந்த வீடு மாதிரி பிடித்துக்கொள்ளும். பூச்சு உண்மையிலேயே ஒட்டியிருக்கிறதா என்று எக்ஸ்ரே அடித்துப் பார்ப்பது நான். என் கருவிக்கு மேல்தோல் மட்டும்தான் தெரியும். நகத்தின் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. திரையில் ஓடும் வரைகோட்டில் நைட்ரஜனுக்கான மேடு எழுந்தால் பெப்டைடு இருக்கிறது. சிலிக்கோன் மேடு எழுந்தால் யாரோ அழுக்குப் பண்ணியிருக்கிறார்கள். கிரீமிலும் ஷாம்பூவிலும் இருக்கிற வழவழப்பு அது. ஒட்டினால் லேசில் போகாது.

பூச்சு போடுகிறவர் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் இளைஞர். எல்லோருக்கும் அவர் பூச்சுக்காரர். அவர் கொண்டுவந்த முதல் தொகுதியில் சிலிக்கோன் மேடு. இரண்டாவதிலும். கூப்பிட்டு விசாரித்தேன்.

"கைக்கு என்ன போடுறீங்க தம்பி?"

"கிரீம் மேடம். நாளெல்லாம் ஆல்கஹால்ல கழுவுறதுல தோல் வெடிச்சுப்போகுது."

"விட்டுடுங்க."

"கிளவுஸ் போட்டுத்தானே மேடம் தொடுறேன்?"

"அந்த கிளவுஸை எதால இழுத்து மாட்டுறீங்க? மூக்காலயா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார். மறுநாளே கிரீமை விட்டார். ஷாம்பூவையும் விட்டு, தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவது தொகுதியிலும் அதே மேடு, கொஞ்சமும் குறையாமல்.

அப்புறம் ஒருநாள் என் அறை வாசலில் வந்து நின்றார். "மேடம், கை உப்புத்தாள் மாதிரி ஆயிடுச்சு. பாப்பாவத் தூக்கினா அழறா. ராத்திரி மட்டும் கொஞ்சம் கிரீம் தடவிக்கலாமா?"

"ராத்திரி தடவுனது காலையில எங்க தம்பி போகும்?" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த வாரக் கூட்டத்தில் என்னதான் பிரச்சினை என்று இயக்குநர் கேட்டார். அத்தனை பேர் முன்னால், அவரையும் எதிரே வைத்துக்கொண்டு சொன்னேன்: "சுத்தம் பத்தலை சார். நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்." அடுத்த தொகுதியும் இப்படியே வந்தால் பூச்சு வேலையை வெளியே கொடுத்துவிடலாம், ஒப்பந்தத்தை நீட்ட வேண்டாம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். பூச்சுக்காரர் கைகளை மேசைக்கு அடியில் கொண்டுபோனார்.

அவர் எதுவும் மறுத்துப் பேச முடியாதபடி ஒரு ஆதாரம் இருக்கட்டும் என்று நினைத்தேன். பூச்சே போடாத இரண்டு டைட்டானிய வில்லைகளை நானே சுத்தம் செய்தேன். அவர் கை படவே இல்லை; இவை சுத்தமாக வந்தால் குற்றம் அவர் கையில்தான் என்று ஆகும். ஒன்றை, அவர் சாம்பிள் கொண்டுவருகிற மாதிரிப் பெட்டிக்குள் வைத்தேன். இன்னொன்றையும் பெட்டியில் வைக்குமுன் அலுமினியத் தாளில் சுற்றிவைத்த நேரத்தில், மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. போட்டது போட்டபடி கிளம்பிவிட்டேன்.

மறுநாள் இரண்டையும் அளந்தேன். தாளில் இருந்தது பளிச்சென்று சுத்தம். பெட்டியில் இருந்ததில் சிலிக்கோன் மேடு, பூச்சுக்காரரின் சாம்பிளில் பார்த்த அதே உயரத்தில். கருவியைத் திட்டிக்கொண்டே மறுபடி அளந்தேன். அதேதான்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். வில்லை குலுங்காமல் இருக்க அடியில் மெத்தென்று ஒட்டும் ஒரு படுகை. தேடிப்பிடித்து வாங்கியவள் நான். சாம்பிளை இந்தப் பெட்டியில் கொண்டுவந்தால்தான் வாங்குவேன் என்று சட்டம் போட்டவளும் நான். படுகையில் விரலை வைத்து எடுத்தேன். வழவழவென்றிருந்தது. அது முழுக்கச் சிலிக்கோன். அதிலிருந்து கசிந்த எண்ணெய்தான் வில்லையின் மேல்வரை ஏறியிருக்கிறது.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெட்டியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் போதும் என்றும் தோன்றியது. அடுத்த தொகுதி சுத்தமாக வரும். பூச்சுக்காரர் ஒருவழியாகக் கை கழுவக் கற்றுக்கொண்டார் என்பார்கள். அவருக்கு வேலை தங்கும், எனக்குப் பேர் தங்கும். ஒரு கப் டீ குடித்து முடிக்கும்வரை இதை யோசித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

டீ முடிந்ததும் இயக்குநர் அறைக்குப் போய்ச் சொன்னேன். "சரி விடுங்க மேடம், பெட்டிய மாத்திடுங்க. அவர் காண்ட்ராக்ட நீட்டிடலாம்" என்று அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அவ்வளவு சுலபமாக முடிந்தது. நாலு பேர் முன்னால் ஒருவரின் மானத்தை வாங்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஒப்புக்கொண்டிருக்கிறேன். நேராகப் பூச்சு அறைக்கு நடந்தேன்.

உள்ளே ஐந்தாறு பேர் வேலையில் இருந்தார்கள். அவர் தொட்டியடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை, புறங்கை என்று திருப்பித் திருப்பிக் காட்டினார். விரல் மூட்டுகளில் சிவப்புச் சிவப்பாக வெடிப்புகள்.

"நல்லா கழுவிட்டேன் மேடம். நீங்களே பாருங்க."

"கையக் கீழ போடுங்க தம்பி." எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினேன். "உங்க கையில ஒரு தப்பும் இல்ல. எல்லாம் அந்தப் பெட்டியால வந்தது. நான் வாங்கின பெட்டி. உங்களை அநியாயமா பேசிட்டேன், மன்னிச்சிடுங்க."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலாம் என்றுகூட இருந்தது. அவர் துண்டை எடுத்துத் தேய்க்காமல், கையில் ஒற்றி ஒற்றி ஈரத்தைத் துடைத்தார். முகம் மெல்லத் தெளிந்தது. கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப இன்னிக்கு ராத்திரி கிரீம் தடவிக்கலாமா மேடம்?"