கடிகாரத்துக் கல்

கிளாராவின் பட்டச் சான்றிதழ்கள் வேங்கடேசனின் மேசை இழுப்பறைக்குள் பூட்டிக் கிடந்தன. விழுப்புரத்தில் அவர் நடத்தும் பிரௌசிங் சென்டரில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கி வைத்தவை. முன்பு இருந்த பெண்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்களாம். நாளைக் காலை திண்டிவனத்துப் பள்ளி ஒன்றில் அவளுக்கு நேர்காணல். அசல் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள்.

தருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் நேற்று பெருக்கும்போது அவள் கை பட்டு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி கீழே விழுந்துவிட்டது. அதன்பின் அதற்கு உயிரே இல்லை.

"மிஷின் ஓடட்டும், சர்டிபிகேட்ட எடுத்துக்கினு போ. இப்புடியே உட்டுட்டுப் போனா நான் யார்கிட்ட போய் நிக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை மணி அடித்து ஓய்ந்துவிட்டது. ஷட்டர் பாதி இறங்கிய கடைக்குள் காற்று அசையவில்லை. கிளாரா துப்பட்டாவுக்குள் செபமாலையை இறுகப் பிடித்தபடி நின்றாள். பக்கத்துக் கடை மெக்கானிக் சவுரிராயன் மதர்போர்டிலிருந்து அரிசி போன்ற வெள்ளிக் குழல் ஒன்றைப் பிடுங்கி, காதருகே ஆட்டிப் பார்த்தார்.

"கல்லு ஒடஞ்சி போச்சி சார்."

"கல்லா? மதர்போர்டு இன்னா மோதிரமா, கல்லு வச்சிக் கட்ட?"

"குவார்ட்ஸ் கல்லு சார். அது அதிர்ந்தாதான் போர்டே முழிச்சிக்கும். கீழ உழுந்தா தாங்காது. இன்னிக்கி மெட்ராஸ்ல கடை இருக்காது. நாளைக்கி வாங்கியாறேன்."

நாளைக்கு. காலையில் கிளாரா திண்டிவனத்தில் இருக்க வேண்டும். அவள் வருவதையும் போவதையும் அளந்துகொண்டிருக்கும் சுவர்க்கடிகாரத்தில் கண் போய் நின்றது. அதன் முகத்தில் ஆங்கிலத்தில் 'குவார்ட்ஸ்' என்று இருந்தது. இத்தனை நாளும் அதைக் கம்பெனிப் பெயர் என்றே நினைத்திருந்தாள்.

"அண்ணே, அதுல இருக்கறதும் இந்தக் கல்லுதானா?"

"அதே கல்லுதாம்மா."

வேங்கடேசனின் முகம் மாறியது. "அதத் தொடாதீங்க. கடை தெறந்தப்ப எங்கப்பா கையால மாட்டினது."

"அப்ப வேணாம் சார்," என்றாள் கிளாரா. "அப்பா மாட்டினது அங்கியே இருக்கட்டும்." சொல்லிவிட்டு, தரையில் சிதறிக் கிடந்த திருகாணிகளைக் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள்.

அவள் அழுதிருந்தால் அவர் அதட்டியிருப்பார். அவளோ திருகாணிகளைப் பொறுக்கி மேசையில் வைத்தாள். இழுப்பறைச் சாவியைக் கொஞ்ச நேரம் விரலில் உருட்டினார். பிறகு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி சவுரிராயன் முன் வைத்தார்.

"இதுல இருக்குமா?"

"இருக்கும் சார். ஆனா வாட்ச் போச்சி."

"போவட்டும். ஜல்தியா பாருய்யா."

பற்றவைத்த ஈயம் ஆறியதும் பெட்டிக்குள் விசிறி சுற்றியது. கிளாரா சிலுவை போட்டுக்கொண்டாள். திரையில் தேதியும் நேரமும் தப்பாக வந்தன. திருத்துவதற்காக வேங்கடேசன் வழக்கம்போல மணிக்கட்டைத் திருப்பினார். அங்கே வெயில் படாத வெளுத்த பட்டைதான் இருந்தது.

"மணி இன்னாம்மா?"

கிளாரா சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவர் அந்த நேரத்தைக் கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டு இழுப்பறையைத் திறந்தார்.

"இந்தா. பஸ்ல ஜன்னலோரம் குந்தாத. மழ வந்தா நனஞ்சிடப் போவுது."