தண்ணீர் ஏறும் நேரம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டி, நான் பஸ்ஸுக்காக நின்ற இடத்தில் அது கவிழ்ந்து கிடந்தது. ஒரு ஃபைபர் படகு. வெள்ளை அடிவயிறு, ஓரத்தில் நீலக் கோடு. சுற்றிலும் கம்பெனிச் சுவர்கள், ஒரு டீக்கடை, முள்கம்பி போட்ட பிளாட்டுகள். கடலுக்கும் அந்த இடத்துக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. படகின் முதுகில் ஒரு பெண் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. சாப்பிட்டு முடித்ததும் படகைத் துப்பட்டாவால் ஒருமுறை துடைத்தாள். என் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

நான் பார்த்தது இவ்வளவுதான். இனிமேல் வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2

முதல் தொடக்கம்: "தாவீது கடலை விட்டு வந்தபோது அவனுக்கு வயது"

(வேண்டாம். வயதைச் சொல்லி ஆரம்பித்தால் அடுத்து ஜாதகம் கேட்பார்கள்.)

இரண்டாவது தொடக்கம்: "சுனாமி அலை வந்து போன மறுவருஷம் கரையோரமெங்கும் படகு தேவைப்பட்டது."

இது பரவாயில்லை, இதையே வைத்துக்கொள்வோம். பஸ் சீட்டும் தண்ணீர்த் தொட்டியும் வார்த்துக்கொண்டிருந்த ஒரகடத்துச் சின்னக் கம்பெனி ஒன்றுக்கு அந்த வருஷம் படகு ஆர்டர் வந்தது. ஆர்டர் கொடுத்தது ஒரு தொண்டு நிறுவனம். கம்பெனியில் படகைப் பக்கத்தில் நின்று பார்த்த ஆளே ஒருவன்தான், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன் தாவீது. சூபர்வைசர் அவனைக் கூப்பிட்டு, முதல் படகை நீயே முன்னால் நின்று செய், செய்து முடித்து அடையாற்றில் விட்டு ஓட்டிக் காட்டு என்றார். சைதாப்பேட்டையில் இறக்கி, ஆற்றோடு போய், முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலில் ஒரு சுற்று. ஆர்டர் கொடுத்தவர்கள் கரையில் நின்று பார்ப்பார்கள்.

கூட ஒரு ஆளை ஏற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அந்த ஆள் யார் என்பதில் தாவீதுக்குச் சந்தேகமே வரவில்லை.

3

செந்தாமரை பிள்ளைப்பாக்கத்துக்காரி. செல்போன் கம்பெனியில் அவளுக்குப் பகல் ஷிப்ட். தாவீதுக்குப் பெரும்பாலும் நைட். கல்யாணமாகி வருஷம் ஒன்று ஓடியும், ஒருவர் எழுந்த பாயில் மற்றவர் படுக்கிற குடித்தனம்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமையை ஓவர்டைம் தின்றுவிடும். ரசம் நன்றாக இருந்தது என்பதைக்கூட அவன் மறுநாள்தான் சொல்ல முடிந்தது.*

ஒரு சாயங்காலம் அவள் வேலை விட்டு வந்தபோது, வாடகை அறையின் சிமெண்ட் தரையில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிச் சாக்பீஸால் சுவரிலிருந்து வாசல்படி வரை வளைத்து வளைத்து வரைந்திருந்தான். நடுநடுவே பாத்திரங்கள் கவிழ்ந்திருந்தன.

"இது சைதாப்பேட்ட பாலம்," என்று செம்பைக் காட்டினான். "இந்த டம்ளரு கோட்டூர்புரம். அந்தக் குண்டான் அடையாத்துப் பாலம். அதுக்கு அங்கிட்டு முகத்துவாரம்."

"இருக்கிற ஏனத்தயெல்லாம் ஆத்துல போட்டுகினு குந்திகினு கீற. சோறு எதுல ஆக்குறது?"

"ஏட்டி, கேளு. விடிகாலைல துடுப்புப் போடுத பந்தயப் படகுக்காரனுவ வருவானுவ. அவன் படகு வெரல் தண்டிதான் இருக்கும். நம்ம மோட்டார் கெளப்புத அலையில கவுந்துருவான். அவன் கரையேறுன பொறவுதான் நாம எறங்கணும். பாலத்துக்கு அங்கிட்டு வலை போட்டிருப்பாவ, அங்க எஞ்சினத் தூக்கிப் புடிச்சிரணும்."

"நானு இன்னா பண்ணணும்?"

"சோறு கட்டிட்டு வா. வேற ஒண்ணும் செய்யாண்டாம்." வாசல்படிக்கு நகர்ந்து, சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். "இங்கதான் சங்கதி. முகத்துவாரத்துல மணலு மேடு கட்டிக் கெடக்கு. தண்ணி ஏறி நிக்கையில தாண்டிரணும். விட்டா, தட்டி நின்னு போவும்."

"எப்போ ஏறும்?"

"அமாவாசைக்கு உச்சி சாய ஏறும். சின்னப் புள்ளையில இருந்து பாக்கேன்."

"கிறிஸ்டியன் வூட்ல அமாவாசை பாக்குற ஆளு நீ ஒர்த்தன்தான்."

"கடலுக்கு ஏதுட்டி மதம்?"

அவள் சுவரோரமாகக் குந்தி, ஆற்றைத் தலையிலிருந்து வால் வரை பார்த்தாள். படகு என்றால் அவளுக்குப் பயம். அதைச் சொல்லவில்லை.

"போய்ச் சேர எவ்ளோ நேரம் ஆவும்?"

"மோட்டாருல்லா? ஒரு சோறு பொங்குத நேரம்."

"அவ்ளோதானா," என்றாள். பிறகு, "மெதுவா ஓட்டேன்," என்றாள்.

* இந்த ரச வாக்கியத்தை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். சிரிப்பு வருகிற இடம். ஆனால் பிறகு சிரிக்க இடம் கிடைக்காது, அதனால் விட்டுவைத்தேன்.

4

இந்தப் பகுதியை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். "அன்று காலைப் பனி" என்று ஒன்று. "சாலை அவனுக்காக" என்று இன்னொன்று, அது படுமோசம். கடைசியில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. பயணம் மத்தியானத்துக்குத்தானே என்று தாவீது சனிக்கிழமை நைட் ஷிப்டுக்குச் சரி சொல்லிவிட்டான். காலையில் வந்து ஒரு தூக்கம் போட்டால் போதும் என்பது அவன் கணக்கு. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பும்போது, வண்டலூர் சாலையில் பின்னால் வந்த டிரெய்லர் லாரி அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அந்த நேரத்தில் செந்தாமரை எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டிருந்தாள். இரண்டு டப்பா.

பிறகு சூபர்வைசர் வேறு ஆளை வைத்து வேறு படகுகளை ஓட்டிக் காட்டினார். ஆர்டர் முடிந்தது. மறுவருஷம் கம்பெனியே இடம் மாறிப் போனது. முதல் படகு மட்டும் எடுத்துப்போக ஆளில்லாமல் சாலையோரம் கிடந்தது. வேலை விட்டு வரும்போது செந்தாமரை கம்பெனி பஸ்ஸிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போவாள். அறைத் தரையில் ஆற்றின் கோடுகள் தேய்ந்து, வாசல்படியோரம் அந்தக் குறுக்குக் கோடு மட்டும் மிச்சமிருந்தது. வீட்டுக்காரி ராஜம்மா தரையைக் கழுவச் சொன்னபோது, "கய்வுறேன் ஆயா," என்றாள். கழுவவில்லை.

(இங்கேயே முடித்திருக்கலாம். நண்பர் ஒருவர் அப்படித்தான் சொன்னார். முடிக்க விடாதவர் முனிரத்தினம்.)

5

முனிரத்தினம் குன்றத்தூர்க்காரர், லாரி டிரைவர். அந்த ஞாயிற்றுக்கிழமை படகை ஏற்றிக்கொண்டு சைதாப்பேட்டை போக வேண்டியிருந்தவர். இரண்டு முறை அவரைக் கதையிலிருந்து தூக்கினேன். காரணம், அவருக்கு ஒரு விஷயம் தெரியும். தெரிந்த ஆளைக் கதைக்குள் விட்டால் வாயைத் திறக்காமல் போவாரா?

ஒருநாள் டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டியவர், படகின்மேல் உட்கார்ந்திருந்த செந்தாமரையைப் பார்த்து வந்தார். இரண்டு கிளாஸ் டீ வாங்கி வந்தார். பேச்சு எங்கெங்கோ போய் அந்த நாளுக்கு வந்து நின்றது.

"மத்தியானம் ஆத்தாண்ட லாரி நிக்கணும்னு சொன்னாரு உங்க வூட்டுக்காரரு. எனக்கு அப்பவே டவுட்டு. நேர்ல பாக்கும்போது சொல்லிக்கலாம்னு வுட்டேன்."

"இன்னா டவுட்டு?"

"என் மாமனார் வூடு பட்டினப்பாக்கம், அந்த மொகத்துவாரத்தாண்டதான் தாயி. எனக்குத் தெரியும். இங்க அமாவாசைக்குக் காத்தாலயே தண்ணி ஏறிடும். மத்தியானம் வத்திப்பூடும். அந்த மணல்ல பசங்க கிரிக்கெட் ஆடுவானுங்க."

தாவீது போட்டது அவனுடைய ஊர்க் கடலின் கணக்கு. அங்கே உச்சி சாயத்தான் ஏறும், அவன் பொய் சொல்லவில்லை. எல்லாக் கடலும் ஒரே நேரத்துக்கு ஏறும் என்று நினைத்துவிட்டான். சொந்த ஊரை விட்டு வந்தவன் வேறெதை நினைப்பான்? இந்த ஊர்க் கடலின் நேரம் தெரிந்திருந்தால் பயணத்தைக் காலைக்கு வைத்துச் சனிக்கிழமை லீவு போட்டிருப்பான், அந்தக் காலையில் அந்தச் சாலையில் இருந்திருக்கமாட்டான். செந்தாமரைக்கு இது புரியாமல் இருக்கட்டும் என்று ஒரு பிரதியில் முனிரத்தினத்தை டீயோடு திருப்பி அனுப்பினேன். அவளிடம் மிச்சமிருந்தது அந்தத் திட்டம் ஒன்றுதான். அதுவும் தப்பு என்று சொல்ல நான் யார்?

ஆனால் அவள் மக்கு இல்லை. டீ கிளாஸைப் படகின்மேல் வைத்தாள். கண் நிறைந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. பிறகு கேட்டாள்.

"அப்போ போயிருந்தாலும் மணல்ல தட்டிப்பூட்டுருக்குமா?"

"தட்டித்தான் இருக்கும்."

"திருப்பித் தண்ணி எப்போ ஏறும்?"

"அது பொயுது போயி, இருட்டுனப்புறம்."

"அது வரிக்கும்?"

"அது வரிக்கும் இன்னா பண்றது? சும்மா குந்திகினு இருக்க வேண்டியதுதான்."

"ரெண்டு பேருமா," என்றாள் செந்தாமரை.

6

அந்தத் தப்புக் கணக்குக்குள் இருவருக்கும் ஒரு சாயங்காலம் இருந்ததை, நான் சொல்லித் தருவதற்கு முன் அவளே கண்டுபிடித்துவிட்டாள். இனி எனக்கு மிச்சமிருப்பது எழுதுகிற வேலைதான்.

எழுதுகிறேன். பந்தயப் படகுக்காரர்கள் கரையேறிவிட்டார்கள். செம்பு, டம்ளர், குண்டான் எல்லாம் இப்போது பாலங்கள், தலைக்கு மேல் பஸ்ஸும் லாரியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வலைக்காரர்கள் திட்டுகிறார்கள், தாவீது எஞ்சினைத் தூக்கிப் பிடிக்கிறான். அவள் பயத்தில் அவன் சட்டையைப் பிடித்திருக்கிறாள். மெதுவாகத்தான் ஓட்டுகிறான். முகத்துவாரத்தில் அடியில் சரக்கென்று ஒரு சத்தம், படகு நின்றுவிடுகிறது. தூரத்தில் பையன்கள் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். கரையில் நிற்கிற பெரிய மனிதர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். தாவீதுக்கு அவமானம் பிடுங்கித் தின்கிறது.

"எங்கூர்ல இந்நேரம் ஏறும்ட்டி," என்கிறான்.

"ஏறும்போது ஏறட்டும்," என்று அவள் டப்பாவைத் திறக்கிறாள்.

இருட்டியதும் கடல் இவர்களைத் தூக்கிவிடும். அவன் எஞ்சினைக் கிளப்ப வேண்டும், கரைக்கு வர வேண்டும், மறுநாள் ஷிப்டுக்குப் போக வேண்டும், சைக்கிளில் திரும்ப வேண்டும். அதை நான் எழுதப்போவதில்லை. கதைக்கு ஒரு முடிவு வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால், தண்ணீரை நீங்களே ஏற்றிக்கொள்ளுங்கள், தடுக்க என்னால் ஆகாது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கொஞ்சம் பொறுத்து ஏற்றுங்கள். அவர்கள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.