தோற்ற சோதனைக்குத் தேநீர்

வீடு விற்கும் அந்த அலுவலகத்தில் முதலாளியின் மூத்த மருமகளுக்குச் சாவியக்கா என்று பெயர். விற்பனைக்கு வந்த வீடுகளின் சாவியெல்லாம் அவள் கைப்பையில்தான் கிடக்கும். எந்த வீட்டில் குழாய் ஒழுகும், எந்த மாடியில் வெயில் கொல்லும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஊரின் மறுகோடியில் மாமனார் திறக்கப்போகும் புதுக் கிளையின் பொறுப்பு தனக்குத்தான் என்று முடிவே கட்டியிருந்தாள். அப்போது பார்த்துத்தான் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி, இளைய மருமகள் கணினியும் கையுமாக வந்து சேர்ந்தாள்.

வந்தவள் சும்மா இருந்தாளா? யார் எந்த வீட்டை இணையத்தில் தேடினார்கள், போனில் என்ன கேட்டார்கள், நேரில் வந்தபோது எதற்கு முகம் சுளித்தார்கள் என்று பல வருஷத்துத் தகவலை அள்ளிக் கணினியில் கொட்டினாள்.

"மாமா, ஒரு மாசம் சோதிச்சுப் பாக்கலாம். வர்றவங்க கேக்கிற வீட்டை விட்டுட்டு, கணினி சொல்ற வீட்டை முதல்ல காட்டுவோம். சரியா வருமான்னு எனக்கே தெரியாது."

மாமனார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "செஞ்சு பாரும்மா. தப்பாப் போனாலும் பரவாயில்லை."

பரவாயில்லையாமே! சாவியக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. அவள் புதிதாக வந்த காலத்தில், காலி வீட்டுக்குத் திரைச்சீலையும் கட்டிலும் போட்டுக் காட்டினால் என்ன என்று ஆசையாகச் செய்து பார்த்தாள். வீடு விற்கவில்லை. "உனக்கு விளையாட வேற இடம் கிடைக்கலையா?" என்று இதே மாமனார் ஊழியர்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். அன்றோடு வாயை மூடியவள்தான். இவளுக்கு மட்டும் பரவாயில்லையா? இவள் என்ன வானத்திலிருந்து குதித்தாளா?

ஒவ்வொரு வீட்டையும் காட்டி முடித்ததும், வந்தவருக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று கைபேசியில் பதிய வேண்டும். கணினி அதை வைத்துத்தான் கற்றுக்கொள்ளும். சாவியக்கா சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் தலைகீழாகப் பதிந்தாள். சமையலறையைப் பார்த்துச் சொக்கிப்போனவர்களுக்குச் சமையலறை பிடிக்கவில்லை என்றாள். தெருச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டவருக்குக் கலகலப்பான தெருதான் வேண்டுமாம் என்றாள்.

பாவம், அந்தக் கணினிக்கு என்ன தெரியும்? முட்டிவலிக்காரரை லிஃப்ட் இல்லாத நான்காவது மாடிக்கு அனுப்பியது. இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் நர்ஸுக்குப் பள்ளி மைதானத்தை ஒட்டிய வீட்டைக் காட்டியது. மாதம் முடிந்தபோது ஒரு வீடுகூட விற்கவில்லை. இளையவளின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்ததும் சாவியக்காவுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

மாமனார் எல்லாரையும் கூட்டினார். இன்றைக்கு இவளுக்குக் கச்சேரிதான் என்று சாவியக்கா முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். வந்ததோ தேநீரும் பிஸ்கட்டும்.

"சோதனைதான் தோத்துச்சு, நாம தோக்கல," என்றார் மாமனார். "துணிஞ்சு செஞ்சு பாத்ததுக்குத்தான் இந்த டீ. எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். சாவியக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஜெயித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தோற்றதற்குக் கைதட்டலா?

"அன்னிக்கு நான் திரைச்சீலை கட்டினப்போ இந்த டீ எங்க போச்சு மாமா?" குரல் உடைந்தது. "எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கினீங்களே!"

மாமனார் தம்ளரைக் கீழே வைத்தார்.

"தப்புதாம்மா. அன்னிக்கு எனக்குப் புத்தி போதலை. இப்பச் சொல்லு, உனக்கு என்ன செஞ்சு பாக்கணும்? அதையே அடுத்த சோதனையா வெச்சுக்குவோம். புதுக் கிளையிலயே ஆரம்பி."

சாவியக்கா நிமிர்ந்தாள். வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்தது தானாகக் கொட்டியது. "வாங்கினவங்களை விடுங்க மாமா. வாங்காமப் போனாங்களே, அவங்க ஏன் போனாங்கன்னு யாராவது பாத்தோமா? அதை அலசினா ஒவ்வொரு வீட்டுலயும் எதை மாத்தணும்னு தெரிஞ்சிடும்."

இளையவள் குதிக்காத குறைதான். "அக்கா, பிரமாதம்! அதுக்கு உங்க பதிவே போதும்க்கா. இந்த மாசம் எல்லாரையும்விட நிறைய எழுதினது நீங்கதான். இப்பவே எடுத்துடறேன்." அவள் விரல்கள் கணினியில் ஓடத் தொடங்கின.

"வேணாம்," என்றாள் சாவியக்கா.

"ஏன்க்கா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பொய்ப் பதிவை நம்பியா தன்னுடைய சோதனையையும் தன்னுடைய கிளையையும் தொடங்குவது? "அது எதுவும் நிஜமில்லை. வேணும்னுதான் மாத்தி எழுதினேன்."

இளையவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கண் நிறைந்துவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமேக்கா," என்றாள்.

மாமனார் கத்தவில்லை. "தப்பாப் போனாப் பரவாயில்லைன்னுதாம்மா சொன்னேன்," என்றார் மெதுவாக. "தப்பாப் போக வைக்கலாம்னு சொல்லலையே."

பிறகு இளையவளைக் கூப்பிட்டுத் தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "அழாதம்மா, இங்க வந்து உக்காரு."

தலை குனிந்து நிற்க வேண்டிய நேரம் என்று சாவியக்காவுக்குத் தெரிந்தது. அவள் பார்வையோ இளையவளுக்குக் கிடைத்த அந்த நாற்காலியில்தான் இருந்தது. அப்போதும் வயிறுதான் எரிந்தது.